ஆறிய இட்லியும் இருபத்து மூன்று இலந்தைப்பழமும்

பொறுமை பேரறம். அவ்வறத்தை முழுவதும் தமக்கெனத் திரட்டிக்கொண்டு, கணக்கு வாராத பிள்ளைகளுக்குக் கணக்கை விடுத்துக் கணக்கின் சொற்களை மட்டுமே கற்பிக்கும் ஆசிரியர் இனம் ஒன்று உண்டு. தாங்கள் கண்டதில்லையா, வாசகரே? ஆனையூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்பில், காசிமாயனார் வீற்றிருக்கிறார், காண்க.

வகுத்தலில் தடுமாறும் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தி, வகுபடும் எண்ணுக்கு வலக்கை நீட்டி, வகுக்கும் எண்ணுக்கு இடக்கை நீட்டி, ஈவு என்கையில் குதிகால் உயர்த்தி, மீதி என்கையில் நாற்காலியில் சரிந்து, ஆனி தொடங்கி மாசி வரை அந்நான்கு சொற்களையே ஓதுவிப்பார். ஒரு வகுத்தல் கணக்கு? அதற்கென்ன அவசரம்!

வீட்டிலும் அவ்வாறே.

"ஏங்க, பன்னெண்டு இட்லி இருக்கு, அஞ்சு பேரு. ஆளுக்கு எம்புட்டு வைக்க?" என்பார் மனைவி ரெங்கம்மாள்.

"வகுபடும் எண் எது? முதலில் அதைச் சொல்."

இட்லி ஆறிவிடும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசியில் பள்ளி ஆய்வாளர் வந்தார். முன்வரிசைச் சின்னத்தாய்க்கு மூன்றாம் வகுப்பில் அது இரண்டாம் ஆண்டு. இம்முறையும் தேறாவிடில் ஆடு மேய்க்க அனுப்புவதாக அவள் தந்தை சுருளி சொல்லியாயிற்று. ஆய்வாளர் இருபத்து மூன்று இலந்தைப்பழங்களை மேசைமேல் கொட்டினார்.

"அஞ்சு பேருக்குச் சமமாப் பிரிச்சா, ஆளுக்கு எத்தனை?"

வகுப்பு எழுந்து கைகூப்பிற்று. "வகுக்கக் கிடைப்பது ஈவு! வகுத்தபின் எஞ்சுவது மீதி!"

"சரிப்பா, எத்தனை?"

"ஈவு!"

சின்னத்தாய் மட்டும் ஓதவில்லை; அவளுக்கு அந்த ஓதல் என்றுமே வாய்த்ததில்லை. மேசையருகே போனாள், தோழியர் நால்வருக்கு நான்கு நான்காகக் கொடுத்தாள், தன் மடியில் நான்கு கட்டினாள், கிடந்த மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏ தாயி, அந்த மூணு?"

"அது மிச்சம் சார். மூணை அஞ்சு பேருக்கு எப்படி வைக்க? சண்டைல்ல வரும்!"

ஆய்வாளர் வயிறு குலுங்கச் சிரித்து, 'தேறினாள்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். காசிமாயனார் பதறினார்.

"ஐயா, இவள் பங்கு வைத்தாளேயன்றி வகுக்கவில்லையே!"

நகைக்கிறீர்கள். நன்று. ஆனால் மெய் சொல்லுங்கள்: சற்றுமுன் பழத்தை எண்ணினீர்களா, 'மிச்சம்' பாடநூற் சொல்லாகுமா என்று ஆராய்ந்தீர்களா? பின்னதாயின், தங்கள் அடுக்களையிலும் ஏதோ ஆறிக்கொண்டிருக்கிறது; எழுந்து போய்ப் பாருங்கள்.

காசிமாயனார் மனை வாழ்க! அங்கே ஈவு பெருகுக! ரெங்கம்மாள் இனி அவரைக் கேளாமலே இட்லி பரிமாறுவாராக!