மாடிப்படியில் ஒரு மூக்கு

ராஜகோபாலன் மறுபடியும் மாடிப்படியில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. மூக்கு மட்டும் மேலே பார்த்திருந்தது.

கதவிடுக்கில் பார்த்த ஜான்சி சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது!

மயிலாப்பூரில் இந்த அறை கிடைப்பதற்குள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. சொந்த ஊர் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு என்றதுமே பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். ராஜகோபாலன் ஒருவர்தான், "மாடியில மீன் மட்டும் சமைக்கப்படாதும்மா" என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைத் தந்தார். அவளும் தயிர்சாதத்தில் காலம் தள்ளிவந்தாள்.

வினை அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு அங்கே சேர்ந்து, பெருங்குடி மருந்துக் கம்பெனி ஒன்றுக்காகப் பெப்டைடு செய்துகொண்டிருந்தாள். அமினோ அமிலங்களைப் பூத்தொடுப்பது போல ஒவ்வொன்றாகக் கோக்கிற வேலை. ஒன்றைக் கோத்ததும் ஒரு திரவத்தை ஊற்ற வேண்டும், அப்போதுதான் அடுத்தது ஒட்டும். அந்தத் திரவத்துக்கு அசல் மீன் மார்க்கெட் வாசனை. அதை வெளியே இழுக்கிற விசிறியும் பழுது. தலைமுடி, துப்பட்டா எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டு அது அவளுடனேயே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் எதைச் செய்கிறோம், எதை வைத்துச் செய்கிறோம் என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்று கம்பெனி கையெழுத்து வாங்கியிருந்தது.

அம்மா தேசம்மாவுக்குப் போன் செய்தாள்.

"மீனே ஆக்காத வூட்ல மீன் வாசனையா? இன்னாடி கதை வுடுற?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "சாம்பிராணி போடு, அமுங்கிடும்."

போட்டாள். புகை படியிறங்கியதுமே ராஜகோபாலன் கதவைத் தட்டினார்.

"இதெல்லாம் கொளுத்தப்படாது. கதவைத் திறந்தே வை, கொஞ்சம் கீழேயும் வரட்டும்!"

குத்திக்காட்டுகிறார் என்று ஜான்சிக்கு முகம் சுண்டிப்போனது.

மறுநாள் வெள்ளைக் கோட்டைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டுக்கு முன்னால் ராஜகோபாலன்.

"ஏம்மா, இதை சோப்புப் போட்டா தோய்ச்சே?"

"ஆமா சார்."

"அடடா!" என்று தலையில் கைவைத்தார்.

தடயத்தை அழித்ததாக நினைக்கிறாரோ! ஜான்சி ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரிடமும் சண்டை போட்டு விசிறியைப் பழுதுபார்க்க வைத்தாள். வாசனை நின்றது. நிம்மதியாகப் படியேறினாள்.

"என்னம்மா, ரெண்டு நாளா ஒண்ணுமே வரலியே?" ராஜகோபாலன் வழியிலேயே பிடித்தார். "வழக்கமாப் பண்றதைப் பண்றதில்லையா?"

"சத்தியமா நான் மீன் சமைக்கல சார்!"

"நான் மீன்னு சொன்னேனா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த அமைதிதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை, தோல்பையோடு ஒருவரைக் கூட்டிவந்தார். இருவரும் படியில் நின்றார்கள்.

"இங்கேதான். போன வாரம்வரைக்கும் நன்னாத் தெரிஞ்சுது. நானே சாட்சி."

தோல்பைக்காரர் குறித்துக்கொண்டார். வக்கீல்! மீனைத் தொடாமலே இந்தப் பழியா! ஊரறியத் துரத்தப்படுவதைவிடத் தானாகப் போய்விடுவது மேல் என்று துணிமணிகளை மூட்டை கட்டினாள்.

கீழே ராஜகோபாலனின் மனைவி சூடாமணி வழிமறித்தாள். "எங்கேடிம்மா கிளம்பிட்டே?"

"நானே காலி பண்ணிடறேன் மாமி. வக்கீலெல்லாம் வேணாம்."

"வக்கீலா? அவர் மூக்கு டாக்டர்டி! கொரோனாவுல மூக்கு போனதுலேர்ந்து மாமாவுக்குக் காப்பி வாசனைகூடத் தெரியாது; இத்தனை வருஷத்துல அவருக்குத் தெரிஞ்ச ஒரே வாசனை உன்னோடதுதான், தயவுபண்ணி அதை நிறுத்திடாதே!"