ரிஜிஸ்டர் ஆபீசில் நான் பேனா உதறிய கதை

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவரால் அந்தக் குடும்பத்துக்கு வரும் நன்மைகள் பல. கெடுதல் ஒன்றுதான்: யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள விடமாட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கெடுதல் நான்.

அது யுத்த காலம். டிரெயினிங் முடித்து, பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். என்னிடம் ஒரு பவுண்டன் பேனா இருந்தது. ரவிக்கையில் அதைக் குத்திக்கொள்ளாமல் வாசல் தாண்டமாட்டேன். (மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதும் குத்தியிருப்பேன் என்று என் தம்பி சொல்வான். பொய்யில்லை.)

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கொடிக்காலுக்குப் போகும் வண்டித்தடத்துக்கு ஆபத்து வந்தது. தடம் கிழக்குத் தோட்டத்துக்காரர் நிலத்துக்குள் புகுந்துதான் எங்கள் வெற்றிலைத் தோட்டத்துக்கு வரும். அவர் ஒருநாள் அப்பாவை நிறுத்தி, "ஏனுங்க, தடத்துல பாத்தியம் இருக்குதுன்னா பத்திரத்தக் காட்டுங்க. இல்லீன்னா வெள்ளிக்கிழமை முள்ளுப் போட்டு அடச்சுருவனுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் பத்திரத்தைக் கரையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. கிள்ளிய வெற்றிலையை அன்றன்றே வண்டியேற்றாவிட்டால் வாடிப்போகும். தடம் போனால் கொடிக்காலும் போனதுதான். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பதிந்த பத்திரத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் நகல் கிடைக்கும் என்று ஊர்க் கணக்குப்பிள்ளை சொன்னார். "வெவரம் தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

"எதுக்குங்க வேற ஆளு?" என்று நான் பேனாவைத் தொட்டுக்கொண்டு கேட்டேன்.

வியாழக்கிழமை காலை, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் டவுனுக்குப் போய் இறங்கினோம். ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா வாங்கப்பா. நான் படிச்சதெல்லாம் பின்ன எதுக்கு?"

வாசல் சுவரில் இங்கிலீஷில் விதிகள் எழுதிய பலகை தொங்கியது. ஒரு எழுத்து விடாமல் உரக்க வாசித்தேன். உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. (வாசிப்பது ஒரு வேலை, புரிந்துகொள்வது வேறு வேலை என்பது எனக்கு அன்று மத்தியானம்தான் தெரியப்போகிறது.)

பிறகு மனுவையும் நானே எழுதினேன், இங்கிலீஷில், இரண்டு பக்கம். சப்ரிஜிஸ்திரார் மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. பொறுமையாகக் கடைசி வரை படித்துவிட்டுச் சொன்னார்:

"மரியாதை எல்லாம் நிறைய இருக்கிறது அம்மா. என்ன வேண்டும் என்பதுதான் இல்லை. எந்த ஊர், வாங்கியவர் யார், விற்றவர் யார், எந்த வருஷம்? இந்த நாலும் போதும்."

முதல் மூன்றையும் அப்பா சொல்லிவிட்டார். நாலாவதற்கு யோசித்தார்.

"செவலக்காள வாங்குனமுங்களே, அந்த வருசமுங்க."

"எங்கள் அட்டவணையில் காளைகளைச் சேர்ப்பதில்லையே, ஐயா."

கடைசியில் நான் பிறந்ததற்கு முந்தியா பிந்தியா, அக்கா பிறந்ததற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டுக் கேட்டு, மூன்று வருஷங்களுக்குள் அடக்கினார். அந்த மூன்று வருஷத்துக்கும் தேடு கட்டணம் கட்டினோம். பெயர் அட்டவணையை நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று, குமாஸ்தா ஒருவருடன் ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பிவைத்தார்.

அந்த அறையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. இரும்புக் கதவைத் திறந்ததும் பழைய காகிதமும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது. தரையிலிருந்து உத்தரம் வரை புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம். குமாஸ்தா ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேட்டாங்காடு. பள்ளக்காடு. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு புளியமரத்தில் சரிபாதி. யாரோ ஒருத்தி மகளுக்குக் கொடுத்த ஒற்றைப் பனைமரம். நாங்கள் தினமும் மிதித்து நடந்த மண் முழுவதும், அதை உழுது செத்துப்போனவர்கள் எல்லோரும், வரிசையாக அங்கே இருந்தார்கள். யாருமே தொலைந்துபோயிருக்கவில்லை.

அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில்தான் அப்படிச் செய்வார்.

"இதெல்லாம் நம்மூருங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடமே 'ங்க' போட்டுவிட்டார் என்பது அவருக்கும் தெரியவில்லை. "மண்ணாத்தான் பாத்திருக்கறேன் அம்மிணி. எழுத்தா இன்னைக்குத்தான் பாக்கறேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது வருஷத்துப் புத்தகத்தில் விரல் நின்றது. செங்கோடக் கவுண்டர், வாங்கியவர். எங்கள் அப்பா! பத்திர நம்பரும் பக்கமும் நேராக இருந்தன. குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்துத் திருகினேன்.

"அம்மா, இங்கே மை..." என்று குமாஸ்தா ஆரம்பித்தார்.

பேனா எழுதவில்லை. உதறினேன்.

பள்ளிக்கூடத்தில் தரையைப் பார்த்து உதறுவேன். அன்று இருந்த பரவசத்தில் எங்கே பார்த்து உதறினேன் என்று சொல்லத் தெரியவில்லை. நீல மை அட்டவணைப் பக்கத்தின் குறுக்கே வளைந்து ஓடியது. மிச்சம், தேடல் என்ன ஆயிற்று என்று பார்க்க அந்த நேரம் உள்ளே வந்த சப்ரிஜிஸ்திராரின் வெள்ளைக் கோட்டில் சொட்டுச் சொட்டாக நின்றது. பலகையில் நான் வாசலில் கணீரென்று வாசித்த விதிகளில் ஒன்று, 'தேடும் அறைக்குள் மை கொண்டுவரக் கூடாது, பென்சில் மட்டுமே' என்பது.

ஊரே உட்கார்ந்திருந்த புத்தகத்தில் நான் மையைக் கொட்டியிருந்தேன். அப்பாதான் முன்னால் வந்து கைகூப்பினார்.

"புள்ள தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க சாமி. செயிலுக்குன்னா என்னைய அனுப்புங்க. ஆனா அந்த நகல மட்டும் இன்னைக்கே குடுத்துருங்க, நாளைக்கு முள்ளுப் போடறாங்க."

சப்ரிஜிஸ்திரார் கோட்டைக்கூடத் துடைக்கவில்லை. முதலில் மை உறிஞ்சும் தாளை எடுத்துப் பக்கத்தில் ஒற்றினார். ஒரே ஒரு பெயர்தான் முழுதாக மறைந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ராமாயி" என்றார். பிறகு ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

"ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு அதிகாரமில்லை, ஐயா. ஆனால் இங்கே என்ன நடந்தது என்று எழுதாமல் விடவும் அதிகாரமில்லை. பெண்ணின் பெயர்?"

"நாச்சம்மாளுங்க."

"தொழில்?"

சொல்ல வேண்டாமென்று நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டீச்சருங்க!" என்றார்.

'இப்பக்கத்தில் மையால் மறைந்த பெயர் ராமாயி. மை சிந்தியவர் செங்கோடக் கவுண்டர் குமாரத்தி நாச்சம்மாள், உபாத்தியாயினி.' கீழே கையெழுத்து, முத்திரை.

நகல் சாயங்காலம் கிடைத்தது. 'மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உள்பட' என்று தெளிவாக இருந்தது. வெள்ளிக்கிழமை கிழக்குத் தோட்டத்துக்காரர் அதை வாங்கிப் பார்த்தார், நம்பவில்லை. தானே கட்டணம் கட்டிப் பார்த்து வருகிறேன் என்று டவுனுக்குப் போனார். திரும்பி வந்ததும், தடத்தோரம் கொண்டுவந்து குவித்திருந்த முள்ளை எடுத்துப்போட்டார். கூடவே தான் படித்த ஓரக்குறிப்பையும் ஊர் முழுக்கச் சொன்னார்.

அதன்பிறகு எங்கள் ஊரில் யார் நிலம் வாங்கப் போனாலும், அந்த வருஷத்து அட்டவணையைத் திறந்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள் எங்கள் காட்டுக்கு வில்லங்கம் பார்க்கப் போய், அங்கே பெண்ணையே பார்த்துவிட்டார்கள். கல்யாணமான அன்று என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "மை கொட்டுன டீச்சரு நீங்கதானுங்களா?"

அப்பாவின் கதை வேறு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டவுனுக்கு வெற்றிலைச் சுமை போட்டுவிட்டு வரும்போதெல்லாம், வேலை எதுவும் இல்லாமலே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்த் தேடு கட்டணம் கட்டுவார் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பாராம். ஓரத்தில் விரலை வைத்துக் குமாஸ்தாவிடம் கேட்பாராம்:

"டீச்சருன்னு போட்டிருக்கறது இந்த எடந்தானுங்களே?"