பம்ப் ஸ்டாப்பும் மாமியாரின் எடையும்

காந்தி நகர் முனையில் இருக்கும் ஹம்ப்பில் இறங்கும்போது லெஸ்லியின் கார் ‘டொம்’ என்றது. வேகத்தடைக்கு மைசூரில் ஹம்ப் என்றுதான் பெயர். பின்சீட்டில் இருந்த மாமனார் பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

“மாப்பிள்ளை, இதுலயா எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போகப் போறா?”

கேள்வி நியாயமானதுதான். சனிக்கிழமை காலை பத்தரைக்கு மைத்துனி ஜோவிதாவின் கல்யாணம். மறுநாளே திருவருகைக்காலம் ஆரம்பம். ஆரம்பித்துவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை அந்தச் சர்ச்சில் கல்யாணம் நடக்காது. போதாக்குறைக்குப் பதினொன்றரைக்கு இன்னொரு ஜோடி காத்திருக்கிறது. பெண் பத்தரைக்கு வாசலில் இல்லையென்றால் வேறு தேதி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குவைத் மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை விமானம். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

இவ்வளவும் தெரிந்தே, நர்ஸ் வேலை பார்க்கும் ஜோவிதா, லெஸ்லி அத்தான் வண்டியில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று பிடிவாதமாக நின்றாள். பூ சுற்றிய இன்னோவா வேண்டாமாம்.

லெஸ்லிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஏழு வருஷ மருமகன். அந்த வீட்டில் அவனை நம்பி ஒருவர் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் அந்தக் காரை. மூன்று வருஷத்துக்கு முன் ஆசை ஆசையாக ஸ்பிரிங்கை மாற்றி இரண்டரை அங்குலம் கீழே இறக்கிய கார் அது. தரையைத் தடவிக்கொண்டு போகும். ஆட்டோக்காரர்கள்கூட நம்மைக் குனிந்து பார்க்கிறார்கள் என்பது மனைவி செலினின் நிரந்தரப் புகார்.

செவ்வாய்க்கிழமை மண்டி மொஹல்லா மெக்கானிக் ரவிக்குமாரிடம் வண்டி போனது. அவர் சக்கரத்தைக் கழற்றி, குலுக்கலைத் தாங்கும் ஸ்ட்ரட்டை வெளியே எடுத்தார். தூசி போகாமல் அதன் நடுவிலுள்ள ராடைப் போர்த்தியிருக்க வேண்டிய ரப்பர் உறை கிழிந்து நாராகத் தொங்கியது. டஸ்ட் பூட் என்று ஒரு காலத்தில் அதை அழைத்திருப்பார்கள். உள்ளே ராடு போய் முட்டாமல் தாங்க வேண்டிய பஞ்சு மாதிரியான பம்ப் ஸ்டாப், டீயில் நனைந்த ரஸ்க் போல உதிர்ந்து கையோடு வந்தது.

“ஏனூ ஆகல்ல சார்,” என்றார் ரவிக்குமார். ஒன்றும் ஆகாது என்று பொருள். அவர் அதைச் சொன்னால் ஏதோ ஆகப்போகிறது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். லெஸ்லிக்குத் தெரியாது.

நாலு சக்கரத்துக்கும் புது பூட், புது பம்ப் ஸ்டாப். ‘டொம்’ நின்றுவிட்டது. பதிலாகக் கார் குதிக்க ஆரம்பித்தது. சின்னக் கல்லில் ஏறினால்கூட ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. ரவிக்குமார் கீழே படுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். முழு உயர வண்டிக்கான பம்ப் ஸ்டாப் இது. இறக்கிய வண்டியில் ராடு ஏற்கெனவே பாதி இறங்கி நிற்கிறது. அதனால் கார் ஸ்பிரிங்கில் உட்காராமல் இதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் வளையம் வளையமாக வெட்ட வேண்டும். எத்தனை வளையம் என்பது வண்டியில் ஏறுகிறவர்களின் எடையைப் பொறுத்தது.

“எல்லார் வெயிட்டும் கேட்டுட்டு வாங்க சார். கரெக்டா வேணும்.”

லெஸ்லி வீட்டுக்குப் போய்க் கேட்டான். மாமனார் எழுபது என்றார். அது அவர் ரிட்டயரான அன்றைய எடை. செலின், இத்தனை வருஷத்துக்கப்புறம் இதைக் கேட்கத் தோன்றியதா என்று கேட்டு, ஐம்பத்தைந்து என்றாள். மாமியார் சில்வியா நெடுநேரம் அவனையே பார்த்தாள்.

“எதுக்கு மாப்பிள்ளை?”

“காருக்கு அத்தை.”

“காருக்கு நான் பாரமா?”

இதற்குப் பதில் சொல்லிப் பிழைத்த மருமகன் உலகத்தில் இல்லை. கடைசியில் ஐம்பத்திரண்டு என்றாள். செலின் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய எண் அது. ஜோவிதா மட்டும் யோசிக்கவே இல்லை. நாற்பத்திரண்டு என்று சட்டென்று சொன்னாள்.

புதன்கிழமை ரவிக்குமார் பக்கத்து மண்டியில் அரிசி மூட்டைகளை இரவல் வாங்கிக் கணக்குப்படி சீட்டில் ஏற்றினார். ஒரு வளையம் வெட்டினார். கார் வெண்ணெயாக ஓடியது. அரிசி மூட்டைகள் எந்தக் குறையும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே லெஸ்லி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெருமையோடு ஒத்திகைக்குக் கிளம்பினான். நாலு பேரும் உட்கார்ந்ததும் கார் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. முதல் ஹம்ப்பில் மாமியாரின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் பிரகாசத்தின் கண்ணாடி மடியில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அவர் போனை எடுத்து டிராவல்ஸ்காரரைக் கூப்பிடப் போனார்.

ஜோவிதா அழுதுவிட்டாள். “வேணாம்ப்பா. அத்தான் கார்தான்.”

லெஸ்லிக்கும் கண் கலங்கியது. கூடப் பிறந்த தங்கை இருந்தாலும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைத்தான். எப்பாடு பட்டாவது இந்தப் பெண்ணை நேரத்துக்குச் சர்ச்சில் சேர்ப்பது என்று முடிவு கட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை ரவிக்குமார் இன்னும் இரண்டு வளையம் வெட்டினார். இடதுபக்கம் வெட்டும்போது போன் வந்ததால் அங்கே மூன்று போய்விட்டது. இடது டயர் பள்ளம் வரும்போதெல்லாம் மட்கார்டில் உரசிப் புகை வந்தது. வெட்டிய பம்ப் ஸ்டாப்புக்கு நீளமாகிப்போன டஸ்ட் பூட் மடங்கி ஸ்பிரிங்கில் சிக்கிக் கிழிந்தது. வாங்கி மூன்றே நாள்.

“ஏனூ ஆகல்ல சார்,” என்றார் ரவிக்குமார். இந்தத் தடவை குரலில் பழைய தெம்பு இல்லை. பிறகு, யாரோ செத்துப்போனதைச் சொல்கிற மாதிரி மெதுவாக, ஒரு வழிதான் இருக்கிறது என்றார். பழைய உயர ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, வெட்டாத பம்ப் ஸ்டாப்பை மாட்டிவிட வேண்டும். காரை ஏற்றிவிட வேண்டும்.

லெஸ்லிக்குக் காலேஜ் நாளிலிருந்து வைத்திருக்கும் மீசையை எடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது. உயரமான அந்தக் கார் ஊரில் ஆயிரம் ஓடுகிறது. இறக்கிய கார்தான் லெஸ்லியின் கார். ஆனால் ஜோவிதாவின் அழுத முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

“ஏத்திடுங்க,” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. சாயங்காலம் வண்டி சத்தமில்லாமல், சாயாமல், உரசாமல் வந்து நின்றது. லெஸ்லி அதை எட்ட நின்று ஒரு தடவை பார்த்தான். அரசாங்க வண்டி மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை, வெள்ளைக் கவுனில் ஜோவிதா வெளியே வந்தாள். காரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏன் அத்தான் இவ்வளவு உயரமா இருக்கு?”

“எல்லாம் உனக்காகத்தான்ம்மா,” என்றான் லெஸ்லி.

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. செலின் ஓடிவந்து மை கலையாமல் ஒற்றி எடுத்தாள். அத்தான்மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று சில்வியாவே சொன்னாள். எடை கேட்ட விஷயம் அன்றோடு மன்னிக்கப்பட்டது.

ஏறி உட்கார்ந்த ஜோவிதா, நேர்வழி வேண்டாம், பன்னிமண்டபம் பக்கம் சுற்றிக்கொண்டு போகலாம் என்றாள். அந்த வழியில் பதினோரு ஹம்ப். அத்தான் செய்த வேலையை ஊருக்குக் காட்ட நினைக்கிறாள் என்று லெஸ்லி பூரித்துப்போனான். ஒவ்வொரு ஹம்ப் வரும்போதும் அவள் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கார் ஒவ்வொன்றையும் முனகாமல் தாண்டியது. பதினொன்றாவதும் தாண்டியபோது மணி பத்து இருபது.

சர்ச் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. படியில் ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். குவைத் மாப்பிள்ளை டையைச் சரிசெய்துகொண்டார். பிரகாசம் இறங்கி வந்து, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, மருமகனின் தோளில் கை வைத்தார்.

“வண்டி நல்லா இருக்கு மாப்பிள்ளை.”

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? லெஸ்லி சிரித்தபடியே பின்கதவைத் திறந்து மைத்துனிக்குக் கை நீட்டினான். ஜோவிதா இறங்கவில்லை. பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“இந்தக் கார் சர்ச் வரைக்கும் வந்து சேராதுன்னு நம்பித்தான் அத்தான், இதுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னேன்.”