கொற்கையில் ஒரு கடற்கரை வீடு

‘தெரியாது’ என்று நான் சொல்லி இந்த உலகத்தில் யாரும் கேட்டதில்லை. அதுவும் கடலைப் பற்றிய பேச்சென்றால் கேட்கவே வேண்டாம். பெங்களூர் அலுவலகத்தில் யாராவது கோவா என்று வாயெடுத்தால் போதும், “அதெல்லாம் ஒரு கடலா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கப்பல், சங்கு, முத்து, பாண்டியன், கொற்கைத் துறைமுகம் என்று முக்கால் மணி நேரம் ஓடும். எட்டாம் வகுப்பில் ‘கொற்கையின் முத்தே!’ என்று மேடையில் கத்திப் பேசி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். (அதன் மூடி ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.)

இவ்வளவு பேசியவன் கொற்கைக்குப் போனதே இல்லை. எங்கள் வீடு தூத்துக்குடி திரேஸ்புரத்தில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொற்கை. பக்கத்து ஊர் எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நந்தினியும் நானும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் அப்பா ஈரோட்டில் மஞ்சள் வியாபாரி. கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருஷம் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்தார். “கடல்ல சூரியன் எந்திரிக்கறத ஒருக்கா பாக்கோணும் கண்ணு. மாப்ள ஊருக்கே போலாமா?” நந்தினி போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். “இதுல மட்டும் ஏதாச்சும் சொதப்புனீங்க, எங்கப்பா மறுபடி வரவே மாட்டாரு.”

ஊரிலேயே வீடு இருக்கும்போது அங்கே தங்கவைப்பதுதான் முறை. ஆனால் அதில் ஒரு சிக்கல். கல்யாணத்துக்கு முன் சம்மதம் கேட்டு மாமனாரிடம் ஒருமுறை போனில் பேசியபோது, எங்கள் அம்மா ‘கடல் உணவு ஏற்றுமதி’ செய்வதாக அவிழ்த்துவிட்டிருந்தேன். அம்மா கருவாடு விற்கிறாள். திரேஸ்புரத்தில் கூடையைத் தூக்கிப் பஸ்ஸில் ஏறி, வேறு ஊரில் இறங்கி விற்கிறாள். யோசித்தால் அதுவும் ஏற்றுமதிதான். ஆனாலும் இரண்டு அறை, ஓட்டுக் கூரை, முற்றம் நிறையக் காயும் நெத்திலி, இதையெல்லாம் மாமனார் கண்ணில் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் மாமனாரிடம், “வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க மாமா” என்றேன். அம்மாவிடம், “அவங்க நேரா திருச்செந்தூர் கோயிலுக்குப் போறாங்க, நம்ம வீட்டுக்கு வர நேரமில்ல” என்றேன். இரண்டு பொய்யையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சொன்னேன். அப்படி ஒரு தைரியம் எனக்கு.

பிறகு ஒரு செயலியில் வீடு தேடினேன். ‘பழம்பெரும் துறைமுக நகரமான கொற்கையில், தண்ணீரைப் பார்த்த தனி வீடு’ என்று ஒன்று வந்து விழுந்தது. படத்தில் அகலமான தண்ணீர், மெல்லிய அலை, மேலே சிவந்த வானம். வரைபடத்தில் வீட்டை ஒட்டி நீலம். நந்தினி எட்டிப் பார்த்தாள்.

“இது நெசமாவே கடல்தானுங்களா? யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேளுங்க.”

“தூத்துக்குடிக்காரன்கிட்டயே கேக்கியா?” என்று பட்டனை அழுத்தினேன்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கிய மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில் விறைப்பாக இருந்தார். வாடகைக் காரை நானே ஓட்டினேன். “மாமா, கதவைத் திறந்தா கடல்!” என்று வழியில் நாலைந்து முறை சொல்லியிருப்பேன். கார் போகப் போக இரண்டு பக்கமும் வாழைத்தோட்டமாக வந்தது. அப்புறம் வயல் வந்தது. மாமனார் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார்.

“கடக்கரையில வாழை நல்லா வருதுங்களே மாப்ள?”

“உப்புக்காத்து மாமா. அதுக்குத் தனி ருசி” என்றேன். (தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.)

வீடு அழகாகத்தான் இருந்தது. உரிமையாளர் சுடலைமுத்து அண்ணாச்சி, அந்த வாழைக்கெல்லாம் சொந்தக்காரர், வாசலில் நின்று சாவியைக் கொடுத்தார். நான் மாமனாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மேடைப்பேச்சுக் குரலில் “பாருங்க மாமா!” என்று பின்கதவைத் திறந்தேன். ஒரு குளம். குளத்தில் ஏழு எருமைகள்.

மாமனார் குளத்தைப் பார்த்தார். எருமைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஏனுங் மாப்ள, கடல் எங்கீங்க?”

நான் வாசலுக்கு ஓடினேன். “அண்ணாச்சி, கடல் எங்க?”

“கடலா? இங்கனதான் தம்பி இருந்துச்சு.”

“இருந்துச்சா? எப்ப?”

“பாண்டியன் காலத்துல. பொறவு மண்ணு மூடி, அங்கன கெழக்க தள்ளிப் போயிட்டு. ஏன், பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலியா?”

“போட்டோவுல அலை தெரிஞ்சுதே!”

“அது எருமை எறங்குன அலை.”

“துறைமுகம்னு போட்டிருந்தீங்களே!”

“பழம்பெரும்னு மொதல்லயே போட்டிருக்கம்லா?” என்றார் அண்ணாச்சி. குரலில் ஒரு துளி குற்ற உணர்ச்சி இல்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

பின்னாலேயே மாமனாரும் நந்தினியும் வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் எந்தச் சண்டையும் ‘நீ யார் மகன்’ என்று தெரியாமல் மேலே நகராது. அண்ணாச்சியும் கேட்டார். “தம்பிக்கு எந்த ஊரு?”

“பெங்களூர்” என்றேன்.

“திரேஸ்புரம். லூர்து அத்தை மகன்” என்றாள் நந்தினி. (கோபம் வந்தால் உண்மை பேசிவிடுவாள்.)

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. “கருவாட்டு லூர்தக்கா மவனா! அட, வாரம் தவறாம கூடையோட இந்தத் தெருவுக்கு வருவாவளே! நெத்திலின்னா நாங்க அக்காட்டதான் வாங்கது. முந்தாநாளு கூட வந்தாவளே!”

அம்மா ‘ஏற்றுமதி’ செய்துகொண்டிருந்த வேறு ஊர், கொற்கையேதான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

“ஏற்றுமதின்னீங்களே மாப்ள?” என்றார் மாமனார் மெதுவாக. பிறகு, “வூட்ல பெயிண்ட் அடிக்கறாங்கன்னீங்களே?”

“பெயிண்டா? அக்கா ஒண்ணும் சொல்லலியே” என்ற அண்ணாச்சி, சந்தேகம் தீர அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரையும் அழுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் அம்மா குரல் குளத்து எருமைகளைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

“ஏலே கூறுகெட்டவனே! கொற்கையில கடலு ஏதுலே? சம்பந்தி திருச்செந்தூர்லா போறாவன்னு சொன்ன? பெத்தவள மறைக்கவா வீடு பிடிச்ச?”

 நந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனார் இப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வண்டிய உங்க வூட்டுக்கே வுடுங்க.”

 பொழுது சாயும் நேரத்தில் திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தோம். அம்மா நெத்திலியை அள்ளிக்கூட வைக்கவில்லை. அப்படியே முற்றத்தில் பரப்பிக் கிடந்தது. “வாங்க அண்ணாச்சி” என்று சம்பந்தியை வரவேற்றுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமனார் குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பார்த்தார்.

“எத்தன நாள் காயணுமுங்க?”

“வெயிலப் பொறுத்து மூணு நாளு. தூத்தல் விழுந்தா அம்புட்டும் போச்சு.”

“எங்க மஞ்சளும் அப்படித்தானுங்க. வேக வெச்சுக் காயப் போட்டிருப்போம், அன்னிக்குன்னு பாத்து மழை வரும்.”

அவ்வளவுதான். மழையைத் திட்டுவதில் இருவரும் ஒரே கட்சி. சாப்பாட்டு நேரம் வரை மழையைத் திட்டித் தீர்த்தார்கள். ஊடே என்னையும் திட்டிக்கொண்டார்கள்.

விடியற்காலையில் யாரோ என் போர்வையை உருவினார்கள். மாமனார். பின்கதவு திறந்து கிடந்தது. படகுகளுக்கு அந்தப்பக்கம் கடலிலிருந்து சூரியன் பாதி எழுந்திருந்தது.

“ஏனுங் மாப்ள, கதவைத் தொறந்தா கடல்னீங்களே. இங்கதானுங்களே இருக்குது!”

பிறந்ததிலிருந்து நான் திறந்து மூடிய கதவு அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாமனார் வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டி, “வா கண்ணு, உக்காரு” என்றார். நந்தினி போய் உட்கார்ந்தாள். நான் டீ போடப் போனேன்.

இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை மாமனார் திரேஸ்புரம் வருகிறார். எங்களுக்குச் சொல்வதுகூட இல்லை, நேரே அம்மாவுக்குத்தான் போன். ஈரோட்டில் அம்மாவின் நெத்திலி விற்கிறது. (ஆக, நான் சொன்ன ஏற்றுமதியும் உண்மையாகிவிட்டது. இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) ஆனால் என் வாய்க்குத்தான் மதிப்பு போய்விட்டது. வீட்டில் நான் எதை ‘இருக்கு’ என்றாலும் ஒரு விசாரணை நடக்கும். வண்டியில் பெட்ரோல் இருக்கு என்றாலும் சரி, கையில் டிக்கெட் இருக்கு என்றாலும் சரி, மாமனார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

“இருக்குதுங்களா மாப்ள, இருந்துச்சுங்களா?”

போன வாரம் அம்மாவுக்குப் போன் செய்து, கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், லீவு இருக்கு என்றேன். அவளும் அதையே கேட்டாள்.