பத்து நகமும் ரோஜா நிறம்

பாதம் பார்க்கும் நர்ஸ் பதினோரு மணிக்கு வீட்டுக்கே வருகிறாள் என்று மனைவி சொன்னதும், செருப்புக் கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடாததில் ஆச்சரியமில்லை. சர்க்கரை வியாதியில் பாதம் இரண்டும் ஆறு மாதமாக மரத்துக் கிடந்தன.

முப்பது வருஷமாக ஊரார் காலை மடியில் வைத்து அளவு பார்த்தவர். தன் காலை இன்னொருத்தர் மடியில் வைப்பதா? அதைவிடப் பெரிய பயம், மரத்துப்போனது மனைவிக்குத் தெரிந்துவிடும். அவர் தும்மினாலே அவளுக்குச் சோறு இறங்காது.

சரக்கைப் பளபளவென்று வைத்தால் வாங்குகிறவர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கடையில் கற்ற பாடம். குடையை எடுத்தார்.

"ஒரு நடை போயிட்டு வரேன்."

"இருங்க."

மனைவி வழக்கம்போல் அவருடைய ஷூவைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவிக் கொடுத்தாள். கரப்பான்பூச்சி என்றால் அவளுக்கு அப்படியொரு பயம்.

தெருமுனை அழகு நிலையத்துப் பெண் அவர் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"சுடுதண்ணில ஊற வச்சு, சுரண்டி, நகம் வெட்டி, புதுசு மாதிரி ஆக்கிடும்மா."

"ஹீட்டர் ரிப்பேர், அங்கிள்."

"சரி, சுரண்டு."

"கல்லு உடைஞ்சு போச்சு."

"நகமாவது வெட்டு!"

"கத்தரி சாணை பிடிக்கப் போயிருக்கு."

"அப்புறம் எதுக்கும்மா கடையைத் திறந்து வச்சிருக்கே?"

"பாலிஷ் இருக்கு, அங்கிள்."

இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அதை மட்டும் மூட, நகத்தின் நிறத்திலேயே பூசச் சொன்னார். காய்ந்ததும் ரோஜா நிறம். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று மற்ற ஒன்பதுக்கும் பூசச் சொன்னார். இப்போது பத்தும் துருத்திக்கொண்டு தெரிந்தன. மணி பத்தே முக்கால். சாக்ஸை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இந்த வெக்கையில வீட்டுக்குள்ள சாக்ஸா?"

"குளிருது."

"நெத்தி வேர்க்குதே?"

"கால்தான் குளிருது. நெத்தி வேற டிபார்ட்மென்ட்."

குளிர் என்றதும் தெர்மாமீட்டர் வந்தது, கம்பளி வந்தது. நர்ஸ் வந்தபோது அவருடைய மூக்கு மட்டும்தான் வெளியே இருந்தது. மனைவி டீ போடப் போனாள்.

நர்ஸ் சாக்ஸை உருவினாள். பத்து ரோஜாக்கள். சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"ரத்தம் சரியா ஓடுதா, அடியில புண் இருக்கான்னு நகத்தோட நிறம்தான் எங்களுக்குச் சொல்லும், ஐயா. நீங்க அதுக்குத் திரை போட்டுட்டீங்க."

காலைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு நகமாகப் பஞ்சால் துடைத்தாள். விரலிடுக்கைப் பார்த்தாள். நாடி பிடித்தாள். ஓரங்களைக் குடையாமல் நகத்தை நேராக வெட்டினாள். பிறகு தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்தாள்.

"கண்ணை மூடிக்கங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

வியாபாரி தயங்கலாமா? "ஆங், தெரியுது... இதோ, இதுவும்... இப்ப சுண்டுவிரல்!"

"ஐயா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இமையோரம் நனைந்திருந்தது.

"ஆறு மாசமாச்சும்மா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. தாங்க மாட்டா."

"பயப்படாதீங்க, காப்பாத்திடலாம். இத்தனை நாள் மரத்துக் கிடந்த காலுல, அந்தக் கறுத்த நகத்தைத் தவிர ஒரு கீறல்கூட இல்ல, அதுதான் எனக்கு அதிசயமா இருக்கு. இனிமே ஷூ போடறதுக்கு முன்னாடி, உள்ள கல்லு, ஆணி ஏதாவது கிடக்கான்னு கைவிட்டுப் பாருங்க."

"அதை அவளே பண்ணிடுவா. கரப்பான்னா பயம்."

நர்ஸ் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

குடையும் கையுமாக அழகு நிலையத்துப் பெண். அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி கண்ணால் ஜாடை காட்டுவதற்குள் அவள் கொட்டிவிட்டாள்:

"ஆன்ட்டி, அங்கிள் குடையை விட்டுட்டு வந்துட்டார். ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க சொல்லிவச்ச மாதிரியே கத்தரி, கல்லு, சுடுதண்ணி, எதையும் அவர் கால்கிட்டயே கொண்டுபோகல!"