தோடம்பழம் தந்தவரிடமிருந்து ஓடிய கதை

யாராவது எதையாவது சும்மா நீட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி ஒஸ்லோ வந்து சேர்ந்தவன் நான். (வழியில் இரண்டு தடவை என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனான்.)

போன கோடை விடுமுறைக்கு மனைவி சுகந்தி, மகள் அபிராவுடன் கிரேக்கத் தீவொன்றுக்குப் போனோம். கடைசி நாள், பழங்காலத்து ஓவியர் ஒருவர் பிறந்ததாகச் சொல்லப்படும் கிராமத்துக்கு பஸ் ஏறினோம். மறுநாள் காலை விமானம். விடுதிப் பெட்டகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைப்பையிலும் இல்லை. அதனால் ரொட்டியும் உறைப்பான மிளகாய்ச் சம்பலும் கட்டிய இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகளில் ஒன்றின் அடியில் மூன்று கடவுச்சீட்டுகளையும் வைத்தேன், ஒருவருக்கும் சொல்லாமல். சம்பலுக்குள் கைவிடும் கள்ளன் கிரேக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது என் துணிவு.

ஓவியரின் வீட்டில் தொங்கிய படங்கள் அத்தனையும் பிரதிகள். அவர் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வாசலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று சிரித்தாள்.

(என் பிறப்புச் சான்றிதழுக்காக நோர்வேயில் என்னை எத்தனை வருடம் அலைய விட்டார்கள்!)

வெளியே ஒரு கிழவர் அபிராவின் கையில் பை நிறையத் தோடம்பழத்தைத் திணித்தார்.

"வாங்காதை பிள்ளை, பிறகு காசு கேப்பார்."

"அப்பா, அவர் ஸ்னில்!" என்றாள். (நல்லவராம்.)

ஒரு பெட்டி ரொட்டியை மரத்தடியில் சாப்பிட்டோம். பஸ் அட்டவணையிலும் சந்தேகம் வந்ததால் நான் எழுந்துபோய் அதைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். பஸ் வந்து நின்றபோது அந்தக் கிழவர் எதையோ தூக்கிப் பிடித்தபடி, கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"பாத்தியே, நான் சொன்னனான்! ஓடுங்கோ!"

ஓடினோம். பை கிழிந்து பழங்கள் தெருவெல்லாம் உருண்டன. பஸ் புறப்பட்டதும் தேர் இழுத்து முடித்தவன் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மற்றப் பெட்டியை எடும், பசிக்குது" என்றேன் சுகந்தியிடம்.

"நீங்கள் பஸ் நேரம் பாக்கப் போனபோதே அதை அந்த ஐயாட்டைக் குடுத்திட்டன். பழம் தந்த மனுசனை வெறுங்கையோட அனுப்பலாமே?"

"ஐயோ, அதுக்குள்ளைதான் பாஸ்போட்!"

நான் போட்ட கூச்சல் அடங்கும் முன்பே பஸ் நின்றுவிட்டது. கிழவர் மோட்டார் சைக்கிளில் முந்திவந்து குறுக்கே நின்றார். ஏறிவந்து, கடவுச்சீட்டுகளைத் தன் சட்டையில் துடைத்து என் கையில் வைத்தார். கண்ணீர் வழிந்தது. மனுசன் உருகிப்போனார் என்று நினைத்தேன். வாய் சிவந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அது சம்பல் என்று விளங்கியது. பெட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை. தெருவில் பொறுக்கிய தோடம்பழங்களையும் என் மடியில் கொட்டிவிட்டுப் போனார். வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை. நன்றி சொல்லவும் மறந்துபோனேன், அது இன்னும் உறுத்துகிறது.

என் கடவுச்சீட்டில் இன்றைக்கும் எண்ணெய்க் கறை இருக்கிறது. ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ரொம்சோஸில் பக்கத்து வீட்டுக்காரர் கேக் தட்டோடு கதவைத் தட்டினால், அபிரா உள்ளே இருந்து கேட்கிறாள்:

"அப்பா, வாங்குவமோ, ஓடுவமோ?"