மாமனாரின் கால், ஏ4 தாளில்

அரசாங்க அலுவலகப் பிரிண்டரை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அதில் நான் அச்சடித்தது என் மாமனாரின் வலது கால். இதை இத்தனை வருடங்களாக எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. (வாய்வழியாக என் மனைவி வீட்டார் அருப்புக்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டார்கள், அது வேறு.)

நான் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஓர் அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராக இருந்தேன். ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். எனக்கும் மலர்விழிக்கும் கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. அவளுடைய அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை, வரவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் அவர் எங்களோடு பேசவில்லை. மாமியார் மட்டும் இரண்டு முறை வந்து போனார். வரும்போதெல்லாம், "அவருக்கு முழங்கால் வலி, அதான் வரல" என்பார். அந்த முழங்கால் வலிக்கு என்ன அர்த்தம் என்று மலருக்குத் தெரியும். சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

நான்காவது மார்கழியில் மாமியார் போன் செய்தார். மாமனார் பொங்கல் கழித்துத் தில்லி பார்க்க வருகிறாராம். மகளைப் பார்க்க அல்ல, தில்லி பார்க்க. அந்த வித்தியாசத்தை அவர் அழுத்தியே சொல்லச் சொன்னாராம். போனை வைத்துவிட்டு மலர் அழுதாள். மூன்று வருடத்தில் அவள் சந்தோஷமாக அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவர் என்னை ஒரு முறை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட வேண்டும். அதுவரை நான் அவருடைய பேச்சில் 'மலரு வீட்டுல இருக்குறவரு'. ஏதோ வாடகைக்கு வந்தவன் போல. ஐந்து நாளில் அந்தப் பட்டத்தை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நான் அரசு ஊழியன். முடிவு செய்தால் முதலில் ஓர் அட்டவணை போடுவேன். செங்கோட்டை, சாந்தினி சௌக், குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, ஆக்ரா. ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடை.

"அப்பா ரப்பர் செருப்பத் தவிர வேற எதுவும் போட்டதில்ல. இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் எப்படி நடப்பாங்க?" என்றாள் மலர். வந்ததும் கடைக்குக் கூட்டிப் போய், போட்டுப் பார்த்து ஒரு ஷூ வாங்கலாம் என்றாள். நல்ல யோசனை. அதை நான் ஏற்கவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் புது ஷூவை எடுத்துக் கொடுத்து அசத்துவது என்பது என் திட்டம்.

உட்கார்ந்து ஏழெட்டு வீடியோ பார்த்தேன். ஷூவைச் சாயங்காலம்தான் வாங்க வேண்டும், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் ஆடக் கூடாது. பயணத்துக்கு முன் பத்து நாளாவது போட்டுப் பழக்க வேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஷூவுக்குள் அதற்குரியவரின் கால் போக வேண்டும் என்ற ஒன்றைத்தான் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

ஊரில் இல்லாதவருக்குச் செருப்பு வாங்க, காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொல்வது நம் வழக்கம். மாமியாரிடம் ரகசியமாகச் சொன்னேன். வாட்ஸாப்பில் படம் வந்தது. ரகசியம் காக்கப்படவில்லை என்பது கோட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. மாமனார் தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர், அவரே வரைந்திருக்கிறார். நிலத்தை அளந்த கை, கோடு எங்கும் பிசிறவில்லை. தாளைச் சுற்றி மொசைக் தரையும் மாமியாரின் கொலுசும் தெரிந்தன. தாளின் அடி ஓரத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக இரண்டு வரி தமிழ். எனக்கு அப்போது தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதிலும் கையெழுத்து என்றால் பக்கத்தில் மலர் வேண்டும். ஏதோ மளிகைக் குறிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கொலுசையும் தரையையும் அந்த இரண்டு வரியையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, காலை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் அச்சடித்தேன். பிரிண்டர் தன் கடமையைச் செய்தது. கொடுத்த படத்தை இழுத்துத் தாள் முழுவதும் நிரப்பிக் கொடுத்தது. மேல் விளிம்பில் பெருவிரல், கீழ் விளிம்பில் குதிகால். மலரிடம் காட்டினேன்.

"அப்பாவுக்குக் கால் இவ்வளவு பெரிசாவா இருந்துச்சு?"

நீ பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்றேன். (அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.)

வீடியோவில் சொன்னபடி, சாயங்காலமாகப் பார்த்துச் சரோஜினி நகருக்குப் போனேன். கால் அருப்புக்கோட்டையில் இருந்தது, என் கையில் இருந்தது தாள். தாள் சாயங்காலம் வீங்காது என்று எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் ஆளைக் கூட்டி வாருங்கள் என்று இந்தியில் சொன்னார். இதுதான் ஆள் என்று தாளைக் கொடுத்தேன். அவர் அதை அளவுப் பலகைமேல் வைத்து ஒன்பதாம் நம்பர் என்றார். கட்டைவிரல் இடத்துக்காக ஒன்று கூட்டிப் பத்தாம் நம்பர் வாங்கினேன். கறுப்பு நிறம், கெட்டியான அடிப்பாகம்.

பழக்க வேண்டுமே. தினமும் சாயங்காலம் நானே அதைப் போட்டுக்கொண்டு மாடியில் நடந்தேன். எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. நான் ஆறடி உயரம். அப்போதாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமனாருக்கும் எனக்கும் ஒரே கால் என்பதில் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருப்பதாக நினைத்து உள்ளம் நெகிழ்ந்தேன்.

பனி மூடிய காலையில் ரயில் வந்தது. குரங்குக் குல்லாவும் ரப்பர் செருப்புமாக மாமனார் இறங்கினார். என் தோள் வரைதான் இருந்தார். மலர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவள் தலையை ஒரு முறை தடவிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாயிருக்கீங்களா சார்?" என்றார். சார்.

வீட்டுக்கு வந்ததும் ஷூப் பெட்டியை நீட்டினேன். அவர் திறந்து பார்த்தார். ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஷூவைப் பார்த்தார். முப்பது வருடம் அளந்த கண்ணுக்கு ஒரு நொடி போதும். ஆனால் அவர் சொன்னது, "ரொம்ப நல்லாருக்கு சார். எதுக்கு இம்புட்டுச் சிரமம்?" என்பதுதான். நான் உச்சி குளிர்ந்துபோனேன்.

மறுநாள் செங்கோட்டைக்குக் கிளம்பினோம். ஷூ காலில் இருந்தது, தலையில் குல்லா இல்லை. ஜனவரிப் பனியில் வழுக்கைத் தலை ஈரமாக மின்னியது. குல்லா எங்கே மாமா என்று கேட்டேன். குளிரே தெரியவில்லை என்றார். நடையும் ஒரு மாதிரி இருந்தது. வலது கால் ஒழுங்காக வந்தது, இடது காலைத் தரையோடு தேய்த்து இழுத்துக்கொண்டு வந்தார். மாமியார் சொன்ன முழங்கால் வலி உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாந்தினி சௌக் போவதற்குள் பத்துத் தும்மல். சாலையோரக் கடையில் தடிமனான ஒரு கம்பளிக் குல்லா வாங்கிக் கொடுத்தேன். ஆசையோடு வாங்கித் தடவிப் பார்த்தார்.

இரண்டாம் நாள் அந்தக் குல்லாவும் தலையில் இல்லை. ஆனால் நடை திருந்தியிருந்தது. இப்போது இரண்டு காலும் ஒழுங்காக வந்தன. குதுப் மினாரைச் சுற்றினோம், ஹுமாயூன் சமாதியைச் சுற்றினோம். பதினோராயிரம் காலடி நடந்துவிட்டோம் என்று போனைக் காட்டினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்புட்டா?" என்றார். ஷூவின் அருமை தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அன்று மலரிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா ஏன் வாசலிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு ஷூவைக் கழற்றுகிறார், கழற்றியதும் ஏன் தன் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார் என்று அவள் கேட்டாள். மரியாதை என்றேன்.

மூன்றாம் நாள் காலை மலை மந்திர். முருகனைப் பார்க்காமல் ஆக்ரா வர மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். காலணி விடும் இடத்தில் வரிசை. அவர் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அதை வாங்கிக் கொடுப்பதற்காக நான் குனிந்தேன்.

"நீங்க தொடாதீங்க சார். நானே குடுக்குறேன்."

பணிவைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நான் ஷூவைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பாதித் தில்லித் தமிழர்கள் வேடிக்கை பார்க்க, மாமனாரும் மருமகனும் ஒரு ஷூவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். ஷூ கவிழ்ந்தது. உள்ளிருந்து குரங்குக் குல்லா, உச்சிக் குஞ்சத்தோடு உருண்டு வந்து தரையில் விழுந்தது. நான் மற்ற ஷூவைப் பார்த்தேன். அதன் வாயில் நான் வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லா எட்டிப் பார்த்தது. காலணிகளை வாங்கி வைப்பவர் சிரிக்கவில்லை. தொப்பிகளுக்குத் தனி டோக்கன் வேண்டுமா என்று இந்தியில் கேட்டார்.

பிறகுதான் கால்களைப் பார்த்தேன். மூன்று ஜோடி சாக்ஸ். மலர் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குதிகால் இரண்டும் கொப்புளம் உடைந்து, கடைசி சாக்ஸில் ரத்தம் ஒட்டியிருந்தது. இடது காலுக்கு முதல் நாள் ரயிலில் வாங்கிய பேப்பரைக் கசக்கி வைத்திருக்கிறார். அது நசுங்கிப் போனதால்தான் மறுநாள் அந்த இடத்துக்கு என் குல்லா. இதையெல்லாம் அவர் மெல்லச் சொன்னார், குற்றம் செய்தவர் போல. ஒரு மனிதரின் தலையையும் காலையும் ஒரே ஷூவினால் கெடுத்திருந்தேன். பதற்றம் வந்தால் எனக்கு வாயில் இந்திதான் வரும். "அரே, க்யோன் நஹீ பதாயா?" என்றேன். அவருக்கு இந்தி தெரியாது.

"ஏம்ப்பா சொல்லல?" என்று மலர் கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல? மூணு வருசம் உன் வாசப்படி மிதிக்காம இருந்துட்டு இப்பத்தான் வந்திருக்கேன். வந்த அன்னைக்கே, குடுத்தது சரியில்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

மலர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருடைய உறவு எங்கே அறுந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அதே பயத்தோடு அவர் மூன்று நாளாக என் ஷூவுக்குள் நடந்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் அவருக்குள் இருந்த சர்வேயர் எழுந்தார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அளவத்தான் தாள்லயே எழுதி அனுப்பிச்சேனே. 'நீளம் இருபத்தஞ்சே கால் சென்டிமீட்டர், இடது கால் சற்றுச் சிறியது'ன்னு. பாக்கலியா மாப்பிள்ள?"

எண்ணில் எழுதியிருந்தால் நானும் பார்த்திருப்பேன். எண்ணில் எழுதினால் யாராவது திருத்திவிடுவார்கள் என்பது தாலுகா அலுவலகத்துப் பழக்கம், அதனால் எழுத்தால் எழுதியிருக்கிறார். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் வெட்டி எறிந்திருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் எனக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. மலருக்கும் விழுந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாங்கிய முதல் 'மாப்பிள்ளை'யை நான் திட்டாகத்தான் வாங்கினேன். பரவாயில்லை.

படி ஏற வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. வெறுங்காலில் ஏறுவதற்கு ஷூ எதற்கு என்று கேட்டுவிட்டு, இரண்டு குல்லாவையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். மூன்று நாளில் அவர் வேகமாக நடந்தது அன்றுதான். அவர் ஊரிலிருந்து போட்டு வந்தது தேய்ந்திருந்ததால், அன்று மாலை முனிர்காவில் புது ரப்பர் செருப்பு வாங்கினோம். காலை உள்ளே விட்டு, கடைக்கு வெளியே போய், தெருமுனை வரை நடந்து திரும்பி வந்து, சரி என்றார். தாஜ் மஹாலை அந்தச் செருப்பில்தான் பார்த்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது ஷூவை நான் வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். எனக்குத்தான் சரியாக இருக்கிறதே. கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அந்த வருடமே மலரிடம் உட்கார்ந்து தமிழ் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் முழுதாகப் படித்தது வெட்டி எறிந்த அந்த இரண்டு வரியைத்தான், போனில் பழைய படத்தைத் தேடி எடுத்து. இன்றும் வீட்டில் பெட்ஷீட் பெரிதாகப் போனாலும், தையற்காரர் சட்டையைத் தொளதொளவென்று தைத்தாலும், "மாப்பிள்ளை எடுத்த அளவு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வேறு வழி?

போன வருடம் மாமனார் அருப்புக்கோட்டை வீட்டுக்கு மாடி எடுத்தார். பார்க்கப் போனோம். திருஷ்டி கழிய, எல்லோரும் பூசணிக்காயும் பழைய செருப்பும் கட்டும் இடத்தில் ஒரு கறுப்பு ஷூ தொங்கியது. பத்தாம் நம்பர், தெருமுனையிலிருந்தே தெரிந்தது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று எங்கே மாமா என்று கேட்டேன்.

பரணைக் காட்டினார். அந்த ஷூப் பெட்டி துணியில் சுற்றி, கயிறு கட்டி இருந்தது. மேலே பென்சிலில் பொடி எழுத்து. இப்போது எனக்குப் படிக்க வந்தது: 'இடது கால். மாப்பிள்ளை வீடு கட்டும்போது கொடுக்க.'